காய்ந்ததெல்லாம் சுத்தமாகிவிடுமா?

உயர்நிலை 3, 4 வகுப்புகளுக்கான விளக்கவுரை வாசிப்பு: ஆசிரியர் துணைக் கட்டுரை

விளக்கவுரை என்றாலே நாம் வகுப்புக்குக் கொண்டுபோகும் பனுவல்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நெகிழிப் பை, கைப்பேசி, உடற்பயிற்சி, பாரம்பரிய உணவு. முதல் பத்தியைப் படித்ததுமே கடைசிப் பத்தியில் என்ன வரும் என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு பட்டறையில் நடக்கும் வேலையைத் தமிழில் விளக்கும் பனுவல் கைக்குக் கிடைப்பது அபூர்வம். ஆனால் நம் மாணவர்களில் பலர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் போகிறவர்கள். விமானப் பராமரிப்பு, இயந்திரவியல், மின்னணுவியல் என்று கையால் செய்யும் தொழில்களைக் கற்கப்போகிறவர்கள். அப்பாவோ மாமாவோ கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள்.

அதனால் இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு இது: உலோகத் துண்டுகளைப் பசையால் ஒட்டுவதற்கு முன்பு துடைக்கப் பயன்படும் கரைப்பான்கள், அவற்றிலும் குறிப்பாகக் காற்றில் குறைவாகக் கலக்கும் வகைகள். கேட்கும்போது வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஒரு பொருள் சீக்கிரம் காய்ந்துவிட்டால் அது சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஆமா, காஞ்சாச்சுன்னா க்ளீன்தானே?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் ஏன் சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

பசை எதன்மேல் ஒட்டுகிறது?

உலோகத்தை உலோகத்தோடு இணைக்கப் பற்றவைக்கலாம், திருகலாம், ஆணி அறையலாம். பசையாலும் ஒட்டலாம். விமானம், கார், ரயில் பெட்டி, கைப்பேசி எல்லாவற்றிலும் இப்போது பசை இணைப்பு இருக்கிறது. எபோக்சி போன்ற பசைகள் இறுகிய பிறகு மிகுந்த பலம் உடையவை. அந்தப் பலம் வெளிப்பட வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. பசை உலோகத்தை நேரடியாகத் தொட வேண்டும்.

பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் அலுமினியத் தகட்டின் மேலே என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? வெட்டும்போது ஊற்றிய எண்ணெய், அரிப்பு வராமல் இருக்கப் பூசிய கிரீஸ், தூக்கி வைத்தவரின் கைரேகை, கையில் தடவியிருந்த கிரீமிலிருந்து வந்த சிலிக்கோன். இவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாக இருந்தாலும் போதும், பசை அந்தப் படலத்தின்மேல்தான் ஒட்டும், உலோகத்தின்மேல் ஒட்டாது. மாவு சிந்திய மேசையில் ஒட்டுநாடாவை ஒட்டிப் பாருங்கள். நாடா மாவோடு நன்றாகத்தான் ஒட்டிக்கொள்கிறது. மேசையோடுதான் ஒட்டவில்லை.

ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய் கரையாது என்பதால் அதைக் கரைக்கும் திரவம் ஒன்று தேவை. அதுதான் கரைப்பான். நம் பட்டறைகளில் பொதுவாக எல்லாவற்றுக்கும் 'தின்னர்' என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் அசிட்டோன், எம்இகே எனப்படும் மெத்தில் எதில் கீட்டோன், ஐபிஏ எனப்படும் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு.

துடைக்கும்போது நடப்பது என்ன?

இங்கேதான் கவனிக்க வேண்டும். கரைப்பானை ஒரு துணியில் ஊற்றித் தகட்டைத் துடைக்கிறோம். எண்ணெய் கரைப்பானில் கரைகிறது. இப்போது தகட்டின்மேல் இருப்பது எண்ணெய் கலந்த ஒரு மெல்லிய ஈரம். இந்த ஈரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தானாகக் காய விடலாம். அப்போது கரைப்பான் மட்டும் காற்றில் போய்விடும். எண்ணெய் ஆவியாகாது. அது எங்கே போகும்? எங்கேயும் போகாது. தகட்டின்மேலேயே திரும்பப் படிந்துவிடும். முன்பு ஒரே இடத்தில் திட்டாக இருந்த எண்ணெயை இப்போது தகடு முழுக்கச் சமமாகப் பரப்பி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, ஈரம் காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்து எடுப்பது. எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்தே துணிக்குள் போய்விடும். தொழிலில் இதை இரண்டு துணி முறை என்பார்கள். ஒரு துணி கரைக்கும், மறு துணி எடுக்கும். துணியில் அழுக்குத் தெரியாத வரைக்கும் புதுத் துணியைக்கொண்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அழுக்குத் துணியைக் கரைப்பான் டப்பாவுக்குள் முக்கக் கூடாது. முக்கினால் டப்பாவில் இருப்பதும் எண்ணெய்த் தண்ணீராகிவிடும். கரைப்பானைத் துணியின்மேல் ஊற்ற வேண்டும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மிக வேகமாக ஆவியாகும் கரைப்பானைப் பயன்படுத்தினால், இரண்டாவது துணியை எடுப்பதற்குள் ஈரம் பறந்துவிடும். கொஞ்சம் மெதுவாக ஆவியாகும் கரைப்பான் என்றால், எண்ணெயைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆக, சீக்கிரம் காய்வது இந்த வேலைக்கு நல்ல குணமே இல்லை. சொல்லப்போனால் அது ஒரு குறை. காற்றில் போகும் கரைப்பான் தன்னோடு எந்த அழுக்கையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. தொழிலாளியின் மூக்குக்குள் போகிறது, பட்டறைக்கு வெளியே போகிறது, காசும் போகிறது. சுத்தம் மட்டும் கிடைப்பதில்லை.

காற்றுக்கு நல்லது, வேலைக்கும் நல்லது என்று இரண்டும் ஒரே திசையில் போகும் இடம் இது. சுற்றுச்சூழல் கட்டுரைகளில் இப்படி ஓர் எடுத்துக்காட்டு அமைவது குறைவு.

பழைய கரைப்பான்கள் ஏன் போயின?

1980களில் உலோகச் சுத்திகரிப்புக்குப் பரவலாக இருந்தவை 1,1,1-டிரைகுளோரோ ஈத்தேன், சிஎஃப்சி-113 போன்ற குளோரின் கலந்த கரைப்பான்கள். எண்ணெயை நன்றாகக் கரைக்கும், தீப்பிடிக்கும் பயமும் குறைவு. பட்டறைக்காரர்களுக்கு இவற்றைவிட வசதியான ஒன்று கிடைத்திருக்காது. ஆனால் இவற்றின் ஆவி மேலே போய் ஓசோன் படலத்தை அரித்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. சிங்கப்பூர் 1989இல் அதில் சேர்ந்தது. வளர்ந்த நாடுகளில் 1995ஆம் ஆண்டு முடிவோடு இந்த இரண்டின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது.

இன்னொரு பழைய கரைப்பான் டிரைகுளோரோ எதிலீன். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் இதை வகைப்படுத்தியது. இதன் ஆவி படும் வேலையில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

குளோரின் வகைகள் போனதும் அசிட்டோன், எம்இகே, டொலுவீன் போன்றவற்றின் பக்கம் கவனம் போனது. இவற்றுக்கு வேறு சிக்கல். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், சுருக்கமாக விஓசி, வெயிலில் வாகனப் புகையோடு வினைபுரிந்து தரையை ஒட்டிய காற்றில் ஓசோனை உண்டாக்கும். மேலே இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது. கீழே இருக்கும் ஓசோன் நுரையீரலை எரிக்கிறது. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒரே பொருள்தான், இருக்கும் இடம்தான் வேறு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

45 என்ற எண்

ஒரு திரவம் எவ்வளவு ஆவலாகக் காற்றில் ஏறத் துடிக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதற்குப் பெயர் ஆவி அழுத்தம். எண் கூடினால் வேகம் கூடும். 20 டிகிரி செல்சியஸில், மில்லிமீட்டர் பாதரச அளவில், தோராயமாக:

அசிட்டோன்: 185
எம்இகே: 71
ஐசோபுரோப்பில் ஆல்கஹால்: 33
டொலுவீன்: 22
தண்ணீர்: 17.5

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1995இல் விமானத் தயாரிப்புக்கும் பராமரிப்புக்கும் ஒரு விதி கொண்டுவந்தது. கையால் துடைக்கும் கரைப்பானின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 45 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அல்லது அந்தக் கரைப்பான் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் 45 எங்கே விழுகிறது என்று மாணவர்களைக் கோடு போடச் சொல்லுங்கள். அதுவரை விமானப் பட்டறைகளில் தாராளமாகப் புழங்கிய எம்இகே கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அதே விதியில் இன்னொரு சாதாரணமான கட்டளையும் இருக்கிறது. கரைப்பான் நனைந்த துணியைப் பயன்படுத்திய உடனே பையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ போட்டு மூட வேண்டும். இது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் மேசைமேல் திறந்து கிடக்கும் துணி தன்னிடம் இருப்பதையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடி போட்டால் நின்றுவிடும்.

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் காற்றுத் தர அமைப்பு இன்னும் கடுமையாகப் போனது. பொதுவான பட்டறைச் சுத்திகரிப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் விஓசி மட்டுமே இருக்கலாம் என்றது. ஒரு லிட்டர் எம்இகேயின் எடை ஏறத்தாழ 800 கிராம், அது முழுக்க விஓசிதான். 800 எங்கே, 25 எங்கே! அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமானால் பெரும்பகுதி தண்ணீராக இருக்க வேண்டும், அல்லது விஓசி கணக்கில் சேராத கரைப்பானாக இருக்க வேண்டும்.

'குறைந்த உமிழ்வு' என்றால் என்ன?

கணக்கில் சேராத கரைப்பானா, அது என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அசிட்டோனே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டியலில் அதுதான் மிக வேகமாக ஆவியாகிறது. ஆனாலும் 1995இல் அமெரிக்கா அதை விஓசி பட்டியலிலிருந்து நீக்கியது. காற்றில் கலந்தாலும் அது ஓசோனை உண்டாக்கும் வினையில் மிகக் குறைவாகவே ஈடுபடுகிறது என்பதுதான் காரணம். ஆக, டப்பாவின்மேல் 'விஓசி குறைவு' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஆவியாகாது என்று பொருளில்லை. அசிட்டோன் −20 டிகிரிக்கு அருகிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருகிறது. நம் ஊர் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம்.

டொலுவீன் நேர் எதிர். ஆவி அழுத்தம் 22தான், 45 என்ற கோட்டுக்குள் வசதியாக இருக்கிறது. ஆனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் மூன்றாவது வகை. வாசனையாக இருக்கும், 'இயற்கையானது' என்று எழுதியிருப்பார்கள். மெதுவாக ஆவியாகும், எண்ணெயை நன்றாகக் கரைக்கும். ஆனால் அதுவும் விஓசிதான். சரியாகத் துடைத்து எடுக்காவிட்டால் எச்சம் தங்கி, பசைக்கு அதுவே அழுக்காகிவிடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரே எண்ணை வைத்துக்கொண்டு 'நல்ல கரைப்பான்', 'கெட்ட கரைப்பான்' என்று பிரிக்க முடியாது. நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஊர்க் காற்றுக்கு என்ன செய்யும்? அதை முகரும் ஆளுக்கு என்ன செய்யும்? தீப்பிடிக்குமா? துடைத்த பிறகு எதையாவது விட்டுச் செல்லுமா? மூக்கை நம்ப முடியாது. நெடி அதிகம் என்றால் ஆபத்து அதிகம், வாசனையாக இருந்தால் ஆபத்தில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது.

சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடம்

இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்த 1995 விதியில் விதிவிலக்குகள் சில உண்டு. 45 என்ற வரம்பு பொருந்தாத வேலைகளின் பட்டியல் அது. பசையால் ஒட்டுவதற்கு முன் செய்யும் சுத்திகரிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது!

காற்றைக் காக்கப் போட்ட சட்டம், சரியாக இந்த இடத்தில் மட்டும் ஏன் ஒதுங்கிக்கொண்டது? பசை இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு விமான விபத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் ஏறத்தாழ 7,300 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, முன்பகுதிக் கூரையில் 5 மீட்டருக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ விமானத்தைத் தரையிறக்கி மற்ற 94 பேரைக் காப்பாற்றினார்கள்.

அந்த விமானத்தின் உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடங்களில் பசையும் ஆணிகளும் சேர்ந்து இருந்தன. பாரத்தைப் பசை தாங்க வேண்டும் என்பது திட்டம். காலப்போக்கில் பசை விட்டுப்போனது, ஈரம் உள்ளே புகுந்து அரித்தது, பாரம் முழுக்க ஆணித் துளைகளின்மேல் விழுந்தது, துளைகளைச் சுற்றி விரிசல்கள் வளர்ந்தன. பராமரிப்பின்போது இது கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே விசாரணையின் முக்கிய முடிவு. கூடவே, அந்தக் காலத்துப் பசை முறையில் மேற்பரப்பைத் தயார்செய்வதிலும், குளிரில் வைத்திருந்த பசைத் துணியின்மேல் ஈரம் படிவதிலும் சிரமங்கள் இருந்ததையும் அறிக்கை குறிப்பிட்டது. இந்த விபத்துக்குக் கரைப்பான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஒட்டும் பரப்பு சரியாக இல்லையென்றால் அதன் விலை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும், அதுவும் உயிராகத் தெரியவரலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் 'காற்றுக்கு நல்லது, இன்றே மாற்று' என்று எளிதாகக் கட்டளையிட முடியவில்லை. புதுக் கரைப்பான் பழையதைப் போலவே வேலை செய்கிறது என்று சோதித்துக் காட்டினால்தான் மாற்ற முடியும். அந்தச் சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒட்டிய இரண்டு தகடுகளை இருபுறமும் இழுத்து, எவ்வளவு பலத்தில் பிரிகிறது என்று பார்ப்பது ஒரு வகை. அரைகுறையாகச் சுத்தம் செய்த தகடுகூட ஒட்டிய புதிதில் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். ஆப்புச் சோதனை அப்படி விடாது. ஒட்டிய தகடுகளின் ஓரத்தில் ஓர் ஆப்பைச் செருகி, விரிசல் எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு சூடும் ஈரமும் நிறைந்த அறையில் வைத்துவிட்டு, விரிசல் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிரிந்த இடத்தையும் பார்ப்பார்கள். இரண்டு தகட்டிலும் பசை இருந்தால் பசை நடுவில் கிழிந்திருக்கிறது, சுத்தம் சரி. ஒரு தகடு வெறும் உலோகமாக வந்தால், பசை அங்கே சரியாகப் பிடிக்கவே இல்லை.

இந்தச் சோதனைகளில் தேறியே மெதுவாக ஆவியாகும் கரைப்பான்களும், தண்ணீர்க் கலவைகளும் ஒவ்வொரு வேலையாக இடம்பிடித்து வருகின்றன.

தண்ணீர் என்ற கரைப்பான்

தண்ணீரில் எண்ணெய் கரையாது என்று முன்பு சொன்னோம். ஆனால் சோப்பு சேர்ந்தால் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு போகும். பட்டறைகளில் காரத்தன்மை உள்ள கழுவுநீரைச் சூடாக்கி, அதில் உலோகத் துண்டுகளை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, அடுப்பில் உலர்த்துவார்கள். ஆவியாகப் போவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இதற்கும் விலை உண்டு. அலசாமல் விட்டால் சோப்பு எச்சம் தங்கும். இரும்பு உடனே துருப்பிடிக்கும். உலர்த்த மின்சாரம் வேண்டும். எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விட முடியாது. பிரச்சினை காற்றிலிருந்து தண்ணீருக்கு இடம் மாறிவிடக் கூடாது, அவ்வளவுதான். துண்டு சிறியது, எண்ணிக்கை அதிகம் என்றால் தண்ணீர் முறை நன்றாகப் பொருந்தும். விமானத்தின் இறக்கையிலேயே பழுது பார்க்க வேண்டும் என்றால், இறக்கையைக் கழற்றித் தொட்டியில் முக்க முடியாது. அங்கே துணியும் கரைப்பானும்தான்.

நம் ஊர் வெப்பமும் ஈரமும்

மேலே சொன்ன எண்கள் எல்லாம் 20 டிகிரிக்கு உரியவை. சிங்கப்பூரில் குளிரூட்டி இல்லாத பட்டறையில் 30 டிகிரி சாதாரணம். அசிட்டோனின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 185 என்றால் 30 டிகிரியில் ஏறத்தாழ 285. பத்து டிகிரிக்கு ஒன்றரை மடங்கு. குளிர்நாட்டுக் கையேட்டில் 'துடைத்துவிட்டு இரண்டாவது துணியை எடுங்கள்' என்று எழுதியிருந்தால், இங்கே அந்த இடைவெளி இன்னும் குறுகியது.

ஈரப்பதம் இன்னொரு பிரச்சினை. கையில் சானிட்டைசர் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் வரும் குளிர்ச்சி அது. வேகமான கரைப்பானால் துடைத்த மெல்லிய தகடும் இப்படித்தான் குளிரும். நம் காற்று ஈரம் நிறைந்தது. தகடு சில டிகிரி குளிர்ந்தாலே, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மைலோ டப்பாவில் போல அதன்மேல் நீர்த்துளி படியலாம். எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பூசிய கதை. உறைநிலைக்குக் கீழே வைத்திருக்கும் பசைத் தாளை உறையைப் பிரிக்காமலேயே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கரைப்பான் எதையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். இரண்டு எவர்சில்வர் தட்டுகள், சமையல் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், டிஷ்யூ தாள் போதும்.

1. இரண்டு தட்டுகளையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒன்றில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காய்ந்த டிஷ்யூவால் பளபளப்பாகும் வரை துடைக்கச் சொல்லுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.
2. இரண்டின்மேலும் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். சுத்தமான தட்டில் தண்ணீர் விரிப்புப் போல் பரவி நிற்கும். எண்ணெய்த் தட்டில் முத்து முத்தாகப் பிரியும். தொழிற்சாலைகளில் இதையே நீர்ப்படலச் சோதனை என்ற பொருளில் இன்றும் செய்கிறார்கள்.
3. பிறகு எண்ணெய்த் தட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, அலசாமல் காயவிட்டுச் சோதியுங்கள். தண்ணீர் பரவும்! ஆனால் தட்டு சுத்தமில்லை. சோப்பு எச்சம் தண்ணீரைப் பரவ வைக்கிறது. ஒரு சோதனையும் ஏமாற்றலாம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த அரைமணி நேரப் பேச்சுக்கு இது போதும்.

சொற்கள்

கரைப்பான், எண்ணெய்ப் பிசுக்கு, படலம், எச்சம், உமிழ்வு, ஆவி அழுத்தம், தீப்பற்று நிலை, மேற்பரப்பு, விதிவிலக்கு. 'உலர்ந்தது', 'தூய்மையானது' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லலாம்.

எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு

கரைப்பானோடு ஒரு பாதுகாப்புத் தரவுத் தாள் வரும். அதில் 16 பகுதிகள் இருக்கும். 2ஆம் பகுதியில் ஆபத்துகள், 8ஆம் பகுதியில் கையுறை, முகக்கவசம் பற்றிய குறிப்புகள், 9ஆம் பகுதியில் ஆவி அழுத்தமும் தீப்பற்று நிலையும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பட்டறையில் அந்தத் திரவத்தைத் தொடுபவர் தமிழ் மட்டும் சரளமாகப் பேசும் அண்ணனாக இருக்கலாம். நாளை அவர் பக்கத்தில் நிற்கப்போவது நம் மாணவராக இருக்கலாம். ஆகவே செயல்பாடு இதுதான்: இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதியை, வேலைக்குப் புதிதாக வந்த ஓர் அண்ணனுக்குப் பேச்சுத் தமிழில் ஒரு நிமிடத்தில் விளக்க வேண்டும். மாதிரிக்கு:

"அண்ணே, கரைப்பான இந்தத் துணியில ஊத்தித் தொடைங்க. அது காயறதுக்குள்ள இந்தக் காஞ்ச துணியால தொடைச்சு எடுத்துடுங்க. தானா காயட்டும்னு விட்டா எண்ணெய் திரும்பவும் அங்கயேதான் ஒக்காந்திருக்கும். சீக்கிரம் காஞ்சிடுச்சேன்னு சுத்தமாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. அழுக்குத் துணிய மூடி போட்ட டப்பாவுல போடுங்க, வெளிய வச்சா அதோட ஆவியத்தான் நாம நாள் முழுக்க மோந்துக்கிட்டு இருப்போம்."

கலந்துரையாடல் வினாக்கள்

1. காற்றைக் காக்கும் சட்டம் சில வேலைகளுக்கு விதிவிலக்குக் கொடுப்பது சரியா? யார் முடிவெடுக்க வேண்டும்?
2. 'இயற்கையானது', 'நெடியற்றது' என்ற சொற்கள் ஒரு பொருளின்மேல் இருந்தால், நீங்கள் அடுத்து எதைத் தேடிப் படிப்பீர்கள்?
3. பார்வைக்குச் சரியாகத் தெரிந்தும் உண்மையில் சரியாக இல்லாத வேறு ஒரு வேலையை உங்கள் வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ எடுத்துக்காட்டி விளக்குங்கள்.

மூன்றாவது வினாவை உரையாடலுக்கும் பயன்படுத்தலாம், கட்டுரைக்கும் பயன்படுத்தலாம். முதல் வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. மாணவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைக் காட்டச் சொல்லுங்கள்.